நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்?

தமிழில் ‘தேர்வு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பள்ளியில் எழுதுகிற பரீட்சையும் தேர்வுதான், பல பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதும் தேர்வுதான். நேர்முகத் தேர்வு என்றதும் நம்மில் பெரும்பாலானவர்கள் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கேள்வி வரும், அதற்கு ஒரு சரியான விடை இருக்கும், அதை மனப்பாடம் பண்ணிப் போய் ஒப்பித்தால் பாஸ். தகுதி இருந்தும் இந்த ஒரு குழப்பத்தால் வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கும் அறையில் சில வருடங்கள் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். விசாவுக்குப் போகிற உறவினர்களையும் நண்பர்களையும் முன்கூட்டியே கேள்வி கேட்டுத் தயார் செய்தும் இருக்கிறேன். இரண்டு இடத்திலும் நடப்பது இரண்டாவது பொருளில் உள்ள தேர்வு. எதிரே இருப்பவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதற்கு அவருக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். அவை என்னென்ன என்று புரிந்துவிட்டால் தயாரிப்பில் பாதி முடிந்த மாதிரி.

வீடு வாடகைக்கு விடுகிறவரைப் போல

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்கள். வீட்டுக்காரர் கேட்கிறார்: எங்கே வேலை? வீட்டில் எத்தனை பேர்? இப்போது இருக்கிற வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள்? இதில் எந்தக் கேள்விக்கும் ‘சரியான விடை’ என்று ஒன்று கிடையாது. அவருக்கு இரண்டு கவலைதான். வாடகை மாதாமாதம் ஒழுங்காக வருமா? வீட்டைப் பாழாக்காமல் வைத்துக்கொள்வாரா? எல்லாக் கேள்வியும் அந்த இரண்டில் போய்த்தான் முடியும்.

வந்தவர் பத்து நிமிடம் வீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போனால் அந்தக் கவலை அப்படியே இருக்கும். “முதல் தேதி சம்பளம் வரும், ஐந்தாம் தேதிக்குள் வாடகை போட்டுவிடுவேன். போன வீட்டில் நாலு வருடம் இருந்தேன், அந்த வீட்டுக்காரர் நம்பர் தருகிறேன், கேட்டுப் பாருங்கள்” என்று ஒருவர் சொன்னால் கவலை தீர்ந்தது. அவர் சொன்னது இரண்டே வாக்கியம். ஆனால் இரண்டும் சரிபார்க்கக்கூடியவை.

நேர்காணல் என்பது இதேதான். நாளைக்கு நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று எதிரே இருப்பவரால் பார்க்க முடியாது. நேற்று என்ன செய்தீர்கள், இன்று எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை வைத்து ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்கு நீங்கள் கொடுக்கிற ஆதாரம்தான் உங்கள் பதில்.

வேலை: மூன்று சந்தேகங்கள்

வேலை நேர்காணலில் எந்தக் கேள்வி கேட்டாலும் அதன் அடியில் மூன்றில் ஒரு சந்தேகம் இருக்கும். இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா? முடிந்தாலும், மனம் ஒட்டிச் செய்வாரா, ஆறே மாதத்தில் கிளம்பிவிடுவாரா? இங்கே இருக்கிறவர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பாரா?

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதும் இந்த மூன்றையும் ஒரேயடியாகக் கேட்கிற கேள்விதான். அதற்குப் பிறந்த ஊர், படித்த பள்ளி, பொழுதுபோக்கு என்று வரிசையாக ஒப்பிப்பது வீண். இப்போது என்ன செய்கிறீர்கள், இந்த வேலைக்குப் பொருந்துகிற மாதிரி முன்பு என்ன செய்தீர்கள், ஏன் இங்கே வர நினைக்கிறீர்கள் என்று ஒன்றரை நிமிடத்தில் சொன்னால் போதும். நடுவில் இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்தீர்களே என்று கேட்டால் அது குற்றச்சாட்டு இல்லை, இரண்டாவது சந்தேகம். “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொண்டேன். இப்போது அந்தப் பொறுப்பு இல்லை” என்று நேராகச் சொன்னால் அங்கேயே முடிந்துவிடும்.

‘ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்’

கேள்வி கேட்கிறவர்கள் பல பேர் இப்படி நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். இது ஏன் தவறு என்பதற்கு நூறு வருடத்துக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். அந்த மதிப்பெண்கள் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒத்துப்போயின. உடல்வாகு நன்றாக இருந்தவருக்கு அறிவுக்கும் குணத்துக்கும்கூட நல்ல மதிப்பெண். ஒரு நல்ல அம்சம் தெரிந்ததும், பார்க்காத மற்ற அம்சங்களும் நல்லவையாகத் தெரிய ஆரம்பிப்பதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘ஒளிவட்ட விளைவு’. உரக்க, சரளமாகப் பேசுகிறவர் திறமைசாலியாகத் தெரிவதும், தயங்கிப் பேசுகிறவர் விஷயம் தெரியாதவராகத் தெரிவதும் இதனால்தான்.

இதற்கு மருந்தாக வந்தது ‘கட்டமைத்த நேர்காணல்’. வருகிற எல்லாரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோலில் மதிப்பெண் போடுவது. அரட்டை மாதிரிப் போகிற நேர்காணலைவிட இது எவ்வளவு மேல் என்பதை எண்ணிக்கையாகவே கணக்கிட்டிருக்கிறார்கள். நேர்காணலில் போட்ட மதிப்பெண்ணும் பிறகு அந்த ஆள் வேலையில் காட்டிய திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரை உள்ள ஓர் எண்ணால் சொல்வார்கள். 0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் அப்படியே பொருந்துகிறது. 1998-இல் பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51, மற்றதற்கு 0.38 என்று கிடைத்தது. 2022-இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைச் சரிசெய்து மறுபடி பார்த்தார்கள். கட்டமைத்ததற்கு 0.42, அரட்டைக்கு வெறும் 0.19.

இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, நல்ல நேர்காணல்கூட 1-க்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. ஓர் இடத்தில் வேண்டாம் என்று சொன்னதை உங்கள் மதிப்பின் மீது எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, ஒரே மாதிரி கேள்விகளைக் கையில் காகிதத்தோடு கேட்டு, நீங்கள் பேசப் பேச எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம். சிரிக்கவில்லையே, தலையாட்டவில்லையே என்று சோர்ந்துபோகவும் வேண்டாம். அந்த முறைதான் உங்களுக்கு நியாயம் செய்யக்கூடிய முறை.

‘நான்’ என்று சொல்லத் தயங்குகிறவர்கள்

கட்டமைத்த நேர்காணலில் அதிகம் கேட்பது நடந்த சம்பவங்களை. “இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்பதைவிட “இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்பது அவர்களுக்கு நல்ல ஆதாரம். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

ஒரு பையன் வந்திருந்தான். வேலையில் நெருக்கடி வந்த ஒரு நேரத்தைச் சொல்லச் சொன்னேன்.

“பழைய பில்லிங் சாஃப்ட்வேர்லேர்ந்து புதுசுக்கு மாத்தும்போது பெரிய பிரச்னை வந்துது சார். டீமா உட்கார்ந்து, எல்லாரும் ராத்திரி பகலா வேலை பார்த்து முடிச்சோம்.”

“அதில் நீங்க என்ன செஞ்சீங்க?”

“நானும் கூடவே இருந்தேன் சார்.”

அதோடு விட்டிருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். மனம் கேட்காமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். அப்புறம்தான் மெதுவாக வெளியே வந்தது. சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பில் போகவே இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இவன் பழைய பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, ஒரு ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி, திரையில் இருப்பதோடு ஒப்பிட்டிருக்கிறான். பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற வாடிக்கையாளர் எண்களில் அந்தப் பூஜ்யத்தைப் புது சாஃப்ட்வேர் தின்றுவிட்டிருக்கிறது. கண்டுபிடித்தது இவன் ஒருவன்தான். ‘நான் செய்தேன்’ என்று சொன்னால் தற்பெருமையாகிவிடுமோ என்று ‘நாங்கள்’ என்று சொல்லியிருக்கிறான்.

அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் எதிரே இருப்பவர் வேலைக்கு எடுக்கப்போவது உங்கள் டீமை அல்ல. யார் என்ன செய்தார்கள் என்பதைப் பிரித்துச் சொல்வது பெருமை அடிப்பது ஆகாது, அது தகவல்.

இப்படிப்பட்ட சம்பவங்களை ஐந்தாறு தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு படியாகச் சொல்லிப் பழகுங்கள்: என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, கடைசியில் என்ன ஆயிற்று. மூன்றாவது படிக்குத்தான் அதிக நேரம் போக வேண்டும். தோற்றுப்போன சம்பவமும் ஒன்றாவது இருக்கட்டும், கேட்பார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லலாம். “இது தெரியாது. ஆனால் இதற்குப் பக்கத்தில் இருக்கிற இந்த விஷயத்தைச் செய்திருக்கிறேன்” என்றால் இன்னும் நல்லது. கம்பெனியைப் பற்றிப் படித்துப் போவது, நேரத்துக்குப் போவது, வீடியோ காலில் கேமராவைப் பார்ப்பது எல்லாம் எல்லாரும் சொல்வதுதான், செய்துவிடுங்கள்.

இதுவரை பார்த்தது: கேள்விக்குப் பின்னால் சந்தேகம் இருக்கிறது, சந்தேகத்தைத் தீர்ப்பது ஆதாரம், ஆதாரம் என்பது நீங்கள் செய்த குறிப்பிட்ட ஒரு காரியம். விசாவிலும் அடிப்படை இதேதான். ஆனால் ஆட்டத்தின் விதி வேறு.

விசா: போட்டி யாரோடு?

வேலையில் ஓர் இடத்துக்கு இருபது பேர் வந்தால் நீங்கள் மற்ற பத்தொன்பது பேரோடு போட்டி போடுகிறீர்கள். விசாவில் அப்படி இல்லை. அமெரிக்க விசாவை எடுத்துக்கொள்கிறேன், நேர்காணலைப் பற்றி அதிகம் வதந்தி உலவுவது அங்கேதான். சுற்றுலா விசாவுக்கும், எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கும் ‘இத்தனைதான் கொடுக்கலாம்’ என்ற உச்சவரம்பு கிடையாது. உங்களுக்கு முன்னால் நின்றவருக்குக் கிடைத்ததால் உங்களுக்குக் குறையப் போவதில்லை. ‘இன்னைக்குக் கோட்டா முடிஞ்சிடுச்சு’ என்று வாசலில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எச்-1பி வேலை விசாவுக்கு ஆண்டு வரம்பு உண்டு, ஆனால் அது கம்பெனி மனுப் போடும் கட்டத்திலேயே முடிந்துவிடுகிற கணக்கு.

அப்படியானால் போட்டி யாரோடு? சட்டத்தில் எழுதியிருக்கிற ஓர் அனுமானத்தோடு. 1952-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு சொல்வது இது: தற்காலிக விசா கேட்டு வருகிற ஒருவர், தான் அந்த விசாவுக்குத் தகுதியானவர் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி காட்டும்வரை, நிரந்தரமாகக் குடியேற வருகிறவர் என்றே கருதப்பட வேண்டும்.

இதைத்தான் ‘மெய்ப்பிக்கும் பொறுப்பு’ என்கிறோம், அதாவது நிரூபிக்க வேண்டிய கடமை யார் தலையில் என்பது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியவர் நிரூபிக்க வேண்டும். இங்கே விண்ணப்பித்தவர் நிரூபிக்க வேண்டும். அறிமுகம் இல்லாத ஒருவரிடம் கைமாற்றாகப் பணம் கேட்கப் போனால், அவர் உங்களைத் திருடன் என்று நினைக்க மாட்டார். ஆனால் திரும்ப வரும் என்று அவருக்குத் தோன்றும்வரை பை திறக்காது. அப்படித்தான் இதுவும். அதிகாரி முறைத்தார், மூடு சரியில்லை என்பதெல்லாம் நாம் பின்னால் கட்டுகிற காரணம். எல்லாரும் ‘இல்லை’ என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

எச்-1பி விசாவுக்கும், கம்பெனிக்குள்ளேயே வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கான எல் விசாவுக்கும் இந்த அனுமானத்திலிருந்து சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. அங்கே கேள்வி திரும்பி வருவதைப் பற்றி இருக்காது. வேலை உண்மையா, கம்பெனி உண்மையா, அந்த வேலைக்கு நீங்கள் தகுதியா என்பதைச் சுற்றித்தான் இருக்கும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவில் பெரும்பாலும் காகிதங்களை வைத்தே முடிவு செய்கிறார்கள். மறுத்தால் காரணத்தைக் குறித்த படிவம் தருவார்கள், மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. அதனால் ‘விசா இன்டர்வியூ’ என்று பொதுவாக ஒரு தயாரிப்பு கிடையாது. எந்த நாடு, எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

கவுன்ட்டரில் அந்த இரண்டு மூன்று நிமிடம்

மறுபடி அமெரிக்க விசாவுக்கு வருவோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நீங்கள் நின்றுகொண்டு. பேச்சு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கட்டுக்கட்டாகக் கொண்டுபோன ஃபைலைத் திறக்கவே சொல்லாமல் அனுப்புவதும் சகஜம். ‘டாக்குமென்ட்டே பார்க்கலை’ என்று பலர் ஆதங்கப்படுவது இதனால்தான். ஆனால் நீங்கள் போவதற்கு முன்பே அவர் திரையில் ஒன்று இருக்கிறது: டிஎஸ்-160, அதாவது ஆன்லைனில் நீங்கள் நிரப்பிய விண்ணப்பப் படிவம். வேலை, வருமானம், முந்தைய பயணம், உறவினர், சமூக ஊடகக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. அந்தப் படிவம்தான் நேர்காணலின் முதல் பாதி. ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. அதில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படிக்காமல் கவுன்ட்டருக்குப் போகவே கூடாது.

மாணவர் விசாவுக்குப் போகவிருந்த ஒரு பெண்ணை மாதிரிக்குக் கேள்வி கேட்டேன். ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்றதும், உலகத்தரமான கட்டமைப்பு, தலைசிறந்த பேராசிரியர்கள் என்று கண்ணை மேலே தூக்கி மடமடவென்று ஒப்பித்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றிப் போட்டால் எங்கும் பொருந்துகிற வாக்கியம். அதைக் காலையிலிருந்து பல வாயில் கேட்டிருக்கிற ஒருவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

“சரி, அதை விடும்மா. அங்க போய் எந்தப் பாடத்தை முதல்ல எடுக்கணும்னு ஆசை?”

முகமே மாறிவிட்டது. நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டுகிற ஒரு பாடம் இருக்கிறதாம். “நான் வேலை பார்க்கிற ஆபீஸ்ல அதை வெளியில காசு கொடுத்துத்தான் செய்து வாங்குறோம் அங்கிள். எங்கள்ல யாருக்கும் தெரியாது. அதை நானே செய்யக் கத்துக்கணும்.”

ஏன் அந்தப் படிப்பு, முடித்துவிட்டு என்ன செய்வாள் என்ற இரண்டு சந்தேகமும் அந்த மூன்று வரியில் தீர்ந்துவிட்டது. அதை அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கவும் முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், வாக்கியத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், விவரத்தை மனதில் வையுங்கள். படிப்புக்கு மொத்தம் எவ்வளவு ஆகும், யார் கொடுக்கிறார்கள், அவருக்கு அந்தப் பணம் எப்படி வந்தது, எந்தத் தேதியில் வகுப்பு ஆரம்பம் என்பதெல்லாம் உறக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். வாக்கியம் அந்த நேரத்தில் தானாக அமையட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை.

பொய்யைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இல்லாத வருமானத்தைக் காட்டுவது, அங்கே இருக்கிற அண்ணனை மறைப்பது மாதிரியான யோசனைகளைக் கொடுக்கிறவர்களை விட்டு விலகி ஓடுங்கள். 214(பி)-யில் மறுத்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம். விசாவுக்காக முக்கியமான ஒன்றில் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று முடிவானால் அது வேறு பிரிவு, வாழ்நாள் முழுக்கத் தொடரும் தடை. விலக்குக் கேட்க வழி உண்டு, ஆனால் அது நீண்ட போராட்டம்.

சுருக்கமாக: வேலையில் மற்றவர்களோடு ஒப்பிடுகிறார்கள், தற்காலிக விசாவில் சட்டத்தின் அனுமானத்தோடு. முதல் ஆதாரம் படிவம், இரண்டாவது உங்கள் வாய். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

மறுத்துவிட்டால்

கையில் ஒரு தாள் தருவார்கள். அதில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 221(ஜி) என்றிருந்தால் ஏதோ ஒரு காகிதம் தேவைப்படுகிறது, அல்லது கூடுதல் சரிபார்ப்பு நடக்கிறது என்று பொருள். கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 214(பி) என்றிருந்தால் அந்த விண்ணப்பம் அதோடு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது. எப்போது வேண்டுமானாலும் புதிதாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போய் நின்றால் விடையும் மாறாது.

வேலையோ விசாவோ, அன்று சாயந்திரமே உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை எல்லாம் வரிசை மாறாமல் எழுதி வையுங்கள். நீங்கள் சொன்ன பதிலையும் எழுதுங்கள். இரண்டு நாள் போனால் மறந்துவிடும், அல்லது நமக்குச் சாதகமாக ஞாபகம் மாறிவிடும். எங்கே சந்தேகம் இருந்தது என்பதை அந்தக் கேள்விகளே காட்டிக் கொடுக்கும்.

மகளின் பிரசவத்துக்குப் போக விண்ணப்பித்த ஒருவருக்கு மறுத்துவிட்டார்கள். பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். மனம் உடைந்து வந்தவரை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். மூன்றே கேள்வி. மாப்பிள்ளை என்ன செய்கிறார்? எத்தனை நாள் தங்குவீர்கள்? அதுவரை கடையை யார் பார்ப்பார்கள்? இவர் “ஆறு மாசம்” என்றும் “யாராவது பார்த்துக்குவாங்க” என்றும் சொல்லியிருக்கிறார்.

“நிஜமாவே ஆறு மாசம் இருக்கப் போறீங்களாண்ணே?”

“அய்யோ, கடையை விட்டுட்டா? ரெண்டு மாசம்தான். ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம்னு சொன்னாங்க, அதான் சொன்னேன்.”

“கடையை?”

“தம்பிதான். அவனும் பங்குதாரர். ஆனா ரெண்டு மாசத்துக்கு மேல அவனால தனியா முடியாது.”

திரும்பி வருவதற்கு அவரிடம் இருந்த உறுதியான காரணமே அந்தக் கடைதான். தான் இல்லாவிட்டாலும் கடை ஓடும் என்று அவரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இரண்டாவது தடவை படிவத்தில் இரண்டு மாதம் என்று எழுதினார். அதே கேள்வி வந்தது. தம்பி பார்த்துக்கொள்வான், பண்டிகைக்கு முன்னால் நான் வந்தாக வேண்டும், அப்போதுதான் பெயிண்ட் வியாபாரம் என்று உள்ளதைச் சொன்னார். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். விசா கிடைத்தால் அப்படித்தான் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வெளியே வந்து, “பாஸ்போர்ட்டையே பிடுங்கி வெச்சுட்டாங்க” என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்.